போட்டிக் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தவள்

1

"நம்பும்படியாக இல்லை. உண்மையான ஒரு நிறுவனத்தைத் தெரிவுசெய்து மீண்டும் எழுதவும்."

என் அறிக்கையின் ஓரத்தில் விரிவுரையாளர் இப்படி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். மெல்பனில் ரயிலில் நின்றுகொண்டே கைத்தொலைபேசியில் அதை வாசித்தேன். வாசித்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "உண்மையான நிறுவனமாம்! அப்ப கண்டி டவுன்ல ஈக்கிற எங்கட கடை பொய்யா?" பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள். தள்ளி நிற்கட்டும்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன். நான் கண்டிக்குப் பக்கத்து ஊரான மடவளைக்காரி. பெயர் பரீனா. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. இங்கே ஒரு மொத்த விநியோகக் கம்பனியில் கொள்வனவுப் பிரிவில் வேலை. எந்தச் சாமானை எப்போது எவ்வளவு எடுப்பது என்று பார்க்கிற வேலை அது. நான் வேலை பழக்கிவிட்ட பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக என் தலைக்கு மேலே அதிகாரியாகப் போய் உட்கார்ந்தார்கள். காரணம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான், அவர்களிடம் முதுகலைப் பட்டம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரியாக எடுத்த என் வணிகப் பட்டத்தை இங்குள்ளவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆங்கிலப் பரீட்சை எழுதினாயா என்று கேட்பார்கள். நாள் முழுக்க அவர்களோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? சரி, அதையும் எழுதினேன். பிறகுதான் முதுகலைக்குச் சேர்ந்தேன். மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. எல்லாப் பாடமும் தேறிவிட்டேன். மிஞ்சியிருந்தது வியாபார உத்தி என்கிற கடைசிப் பாடத்தின் அறிக்கை ஒன்றுதான். அது தேறாவிட்டால் பட்டம் இல்லை.

எனக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். பெரிய கம்பனி ஒன்றை எடுத்து முழுவதையும் புதிதாக எழுதலாம். அல்லது எழுதியதைத் திருத்திக்கொண்டு, இரண்டு பரீட்சகர்கள் முன்னால் நின்று அது சரியென்று வாதாடலாம். வாதாடித் தோற்றால் அடுத்த வருடம் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். அதற்கு என் வேலையும் விடாது, என் உடம்பும் விடாது.

2

அறிக்கையில் நான் எழுதியது இதுதான்.

கண்டியில் எங்கள் கடை பயணப் பை, பாடசாலைப் பை, குடை விற்கிற கடை. சுவருக்குச் சுவர் ஒட்டிய பக்கத்துக் கடையும் அதே பை, அதே குடைதான். அந்தக் கடைக்காரர் குணே முதலாளி, அம்பிட்டியவிலிருந்து வருகிற சிங்களவர். இரண்டு கடைக்கும் எந்த நாளும் போட்டி. திடீரென்று மழை இறங்கினால் எந்தக் கடையின் குடை முதலில் வாசலில் தொங்குகிறது என்பதில்கூடப் போட்டி.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் எங்கள் கடைப் பொடியன்மார் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். வாப்பா காலத்தில் அந்த நேரம் ஷட்டரை இழுத்துவிடுவோம். பிலிமத்தலாவையிலிருந்து பஸ் பிடித்து வந்த சனம் மூடின கதவைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் நுழையும். ஒருமுறை நுழைந்த சனம் அடுத்தமுறை நேராக அங்கேயே போகும். அதேபோல குணே முதலாளி போயா என்கிற பௌர்ணமி நாட்களில் குடும்பத்தோடு பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்கு, போய்விடுவார். அவர் கடை மூடியிருக்கும். அவருடைய வாடிக்கை எங்களிடம் வரும். இப்படி ஆளுக்காள் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தோம்.

பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் குணே முதலாளி எங்கள் கடைக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்து, எங்கள் சாமானை எங்களுக்காக விற்பார். போயா தினத்தில் அவர் கடையை நாங்கள் திறந்து, அவர் சாமானை அவருக்காக விற்போம். சாவியும் காசு லாச்சியும் போட்டிக்காரரின் கையில் இருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

கண்டியில் இதைச் சொன்னால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் திரையில் ஒரு படம் போடுவார்கள். நடுவில் ஒரு பெட்டி, நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கி அம்புக்குறிகள். நடுவில் இருப்பது நீ, அம்புக்குறியெல்லாம் உன்னை விழுங்க வருகிறவர்கள். அந்தப் படத்துக்குள் குணே முதலாளியை எங்கே உட்கார வைப்பது? அவர் அம்புக்குறியுமில்லை, பெட்டியுமில்லை. எங்கள் குழுவில் ஒரு பையன், "இது இங்கே சட்டவிரோதமாக இருக்கலாம், விலையைக் கூட்டுச் சேர்ந்து தீர்மானிக்கிற மாதிரி இருக்கிறது" என்று மிகவும் கவலையோடு சொன்னான். எங்களைச் சிறைக்கு அனுப்பிவிடுவான் போலிருந்தது.

விரிவுரையாளரின் குறிப்பு அதற்கு மேலே போனது. இலாபம் தேடுகிற எந்தக் கடைக்காரரும் இப்படி முடிவெடுக்க மாட்டார் என்றார். அப்படியொருவர் எடுத்திருந்தால் அவரை நேரடியாகப் பேட்டி கண்டு, ஏன் எடுத்தார் என்று காட்டவும் என்று கீழே சேர்த்திருந்தார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். கோபம் தணிந்த பிறகு அதை ஒத்துக்கொண்டேன்.

3

வீட்டில் எனக்கு ஆதரவு பலமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். என் கணவர் தேநீரைக் குடித்துக்கொண்டே, "அவங்க கேக்கிறத எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்த எடுங்க. குணே முதலாளியா வந்து ஒங்களுக்கு சம்பளம் கூட்டப் போறார்?" என்றார். அவர் நல்ல மனிதர். பன்னீர்ச்செம்பும் கையுமாக வரவேற்பில் நிற்கிற ஆள் மாதிரி, எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் அவருக்கு.

மகள் சஹ்லா இன்னும் ஒரு படி மேலே போனாள். அவளும் வணிகம்தான் படிக்கிறாள், இளங்கலை இரண்டாம் வருடம். இங்கே பிறந்தவள். அவளுடைய தமிழ் இந்தியத் தொலைக்காட்சியிலிருந்து வந்த தமிழ். 'என்ன' என்பதற்கு நான் 'எனத்த' என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் என் அறிக்கையை எடுத்து 'சரிசெய்து' வைத்திருந்தாள். வாசித்துப் பார்த்தேன். குணே முதலாளி காணாமல் போய் 'அயல் பங்குதாரர்' ஆகியிருந்தார். ஜும்ஆவும் போயாவும் 'கலாசார விடுமுறைகள்' ஆகியிருந்தன. கண்டி என்ற சொல்லே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

"யாரும் இப்படி எழுத மாட்டாங்க உம்மா. உங்களுது கதை மாதிரி இருக்கு."

"கதையில்ல, கடை."

"கோபப்படாதீங்க. ஹெல்ப் பண்ணத்தானே செஞ்சேன்?"

கோபப்பட்டேன். ஆனால் அவள் மீது எவ்வளவு, என் மீது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என் பிள்ளைக்கு என் ஊர் ஒரு பிழைதிருத்தம் மாதிரித் தெரிகிறதே என்று நெஞ்சு எரிந்தது. அவள் திருத்தியதை அப்படியே அழித்தேன். பெரிய கம்பனியை எழுதவே மாட்டேன், வாதாடத்தான் போகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு அறிவித்துவிட்டேன்.

4

முடிவெடுத்தவரைப் பேட்டி காணச் சொன்னார்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை கேள்விகளை ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். இப்போது கடையை நடத்துகிறவர் என் மூத்த சகோதரரான அவர்தான். அறிக்கையிலும் அவர் பெயரைத்தான் போட்டிருந்தேன்: கடை உரிமையாளரான என் சகோதரர் இந்த ஏற்பாட்டைச் செய்தார் என்று.

"நானா, ஒரு பேட்டி. குணே முதலாளிக்கிட்ட கடையக் குடுக்கலாம் எண்டு நீங்க எனத்துக்கு யோசிச்சீங்க? செல்லுங்க, எழுதிக்கொள்றேன்."

"ஒனக்கு எனத்தும் நடந்தா புள்ள?"

"ஏன்?"

"அது நீ செஞ்ச வேல தானே! நான் அப்ப கட்டார்ல ஈந்த. வாப்பா பாரிசவாதத்தில படுத்துக் கிடந்த. கடையில குந்தினது நீ. குணே முதலாளிக்கிட்டப் போய்ப் பேசினது நீ. எனக்கு நீ கோல் எடுத்துச் செல்லினப்ப நான் ஏசினேன், ஞாபகமில்லையா? 'ஒனக்கு பைத்தியமா, கடையத் தூக்கி எதிரிக்கிட்ட குடுக்கப் போறியா' எண்டு. எனக்கிட்ட எனத்தக் கேக்கிற?"

என் கேள்வித்தாள் கையில் இருந்தது. முதல் கேள்வியில் பேனா நின்றிருந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

ஆமாம், அந்தக் கடையை நாலைந்து வருடம் நடத்தியவள் நான்தான். அதை மறந்துபோய் நானாவுக்கு அழைப்பு எடுக்கவில்லை. அந்த ஞாபகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் 'நானாட கடை, நானாட யோசனை' என்று சொல்லிச் சொல்லி, என்னிடமே அப்படித்தான் சொல்லப் பழகிவிட்டேன். ஊரில் அதற்கொரு காரணம் இருந்தது. கல்யாணம் கட்டாத பெண்பிள்ளை தினமும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு டவுனுக்குப் போய்க் கல்லாவில் குந்துகிறாள் என்றால், மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் உம்மா கேட்கிறவர்களுக்கெல்லாம், "மகன் கட்டார்ல ஈந்துதான் எல்லாம் நடத்துற. இவ சும்மா பாத்துக்கொள்ற" என்று சொல்லிவைத்தார். நானும் அதையே சொன்னேன். கல்யாணம் நடந்தது, இந்த நாட்டுக்கு வந்தேன், பிள்ளை பெற்றேன். அந்தச் சொல் மட்டும் என்னோடு கூடவே வந்து குடியேறிவிட்டது.

முதுகலைக்கு விண்ணப்பித்தபோது ஓர் அலுவலர் கேட்டாள்: "முகாமைத்துவ அனுபவம் ஏதாவது?" இல்லை என்றேன். "அப்போ விண்ணப்பத்தில் எழுதியிருக்கிற இந்தக் கடையில்?" குடும்பக் கடையில் உதவியாளராக இருந்தேன் என்றேன். அவள் அப்படியே பதிந்துகொண்டாள். கேட்டவள் வெள்ளைக்காரி. அவளுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் என்ன சம்பந்தம்? அவளிடமும் உம்மாவின் பதிலையே கொடுத்திருக்கிறேன்.

"நானா," என்றேன், "நான் ஒங்கட பேர எடுத்துட்டு என்ட பேரப் போடப் போறேன்."

"போடு. எனத்துக்கு எனக்கிட்டக் கேக்கிற? ஆனா ஒண்டு, ஊர்ல கதைப்பாங்க."

"கதைக்கட்டும்."

5

அறிக்கையில் 'என் சகோதரர்' என்று இருந்த இடமெல்லாம் 'நான்' என்று மாற்றினேன். சும்மா பெயர் மாற்றுகிற வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் 'நான்' என்று எழுதியதும் அடுத்த வசனத்தில் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அந்தக் காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவை, வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லாதவை. பக்கம் பக்கமாக வந்தது.

பரீட்சை நாளன்று சஹ்லாதான் காரில் கொண்டுபோய் விட்டாள். மாணவர்கள் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம் என்றார்கள்; அவளும் உட்கார்ந்தாள். முன்னால் என் விரிவுரையாளரும், வெளியிலிருந்து வந்த ஒரு பெண் பேராசிரியரும் இருந்தார்கள்.

விரிவுரையாளர் நேராகவே தொடங்கினார். "முந்தைய பிரதியில் உங்கள் சகோதரர் முடிவெடுத்ததாக இருந்தது. இப்போது நீங்கள் என்று இருக்கிறது. எது சரி?"

"இதுதான் சரி. எங்கள் ஊரில் பெண் நடத்துகிற கடையை ஆணின் பெயரில் சொல்வது பழக்கம். அந்தப் பழக்கத்தை உங்களுக்கும் எழுதித் தந்துவிட்டேன். முடிவு என்னுடையது."

பின்வரிசையில் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் உங்கள் வாடிக்கையாளரைத் தன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக மாட்டார் என்று எப்படி நம்பினீர்கள்?"

"நம்பவில்லை. சோதித்தேன். பொடியன்மார் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனால் நான் மட்டும் கடையில் தனியாக இருக்க உம்மா விடமாட்டார். முதல் வெள்ளிக்கிழமை, புதிதாக வந்த பைகளையெல்லாம் வாசலிலேயே அடுக்கிவிட்டு, சோற்றுப் பார்சலோடு மேல்மாடிச் சாமான் அறைக்குப் போய்விட்டேன். ஏமாற்றுவதென்றால் அன்றைக்கே ஏமாற்றட்டும் என்று நினைத்தேன். ஒரு நடுப்பகல் வியாபாரத்தோடு ஆளைத் தெரிந்துகொள்வேன், அதோடு விட்டுவிடுவேன். மேலேயிருந்து அவர் பேரம் பேசுவது எல்லாம் கேட்டது. என் பையை என்னைவிடக் கூடின விலைக்கு விற்றார்! அடுத்த நாளிலிருந்து நானும் விலையைக் கூட்டினேன்."

பெண் பேராசிரியர் சிரித்துவிட்டார். "அப்படியானால் விலையைப் பற்றிக் கூடிப் பேசினீர்களா?" என்று கேட்டார்.

"ஒருநாளும் இல்லை. ஜும்ஆ முடிந்து பொடியன்மார் வந்ததும் அவர் தன் கடைக்குப் போவார், மறுபடி போட்டிதான். மழை வந்தால் என் குடைக்கு முன்னால் அவர் குடையைத் தொங்கவிடுவார். ஆனால் அடுத்த போயாவில் அவர் கடைச் சாவி என் கையில் இருக்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்."

"இது எப்போதாவது உடைந்ததா?" விரிவுரையாளர் கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மறைக்கலாமா என்று வீட்டில் யோசித்தேன். மறைக்கவில்லை.

"உடைந்தது. கண்டிப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட காலம் வந்தது. சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. நான் அப்போது இங்கே. அந்த நாட்களில் குணே முதலாளி வரவில்லை, நானாவும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஷட்டர் போட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினார்கள். பிறகு ஒரு போயா அன்று குணே முதலாளி ஒன்றும் பேசாமல் சாவியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நானா எடுத்துக்கொண்டுபோய்த் திறந்தார். தொடங்கியது நான். உடைந்த பிறகு எடுத்து நடத்தியது என் நானாவும் அவரும். அது நான் செய்ததைவிடக் கஷ்டமான வேலை. அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்."

விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இதை மற்ற வியாபாரங்களுக்குப் பொதுமைப்படுத்த முடியாது" என்றார்.

"நான் பொதுமைப்படுத்தச் சொல்லவில்லை. இது நம்பும்படி இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்."

இந்தப் பதில் ஆங்கிலத்தில் எப்படி வந்து விழுந்ததோ தெரியாது.

திரும்பி வரும்போதும் சஹ்லாதான் காரை ஓட்டினாள். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கேட்டாள்.

"நீங்க கடை நடத்தினீங்களா உம்மா? நான் சின்னதுல கேட்டப்ப மாமா கடைன்னுதானே சொன்னீங்க?"

"ஓ. மாப்பிள்ள பாக்கிறவங்களுக்கு எங்கட உம்மா செல்லினத அப்படியே ஒனக்கும் செல்லினேன்."

"என்கிட்ட ஏன்? நான் என்ன, உங்களுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தேனா?"

விளக்கு பச்சையானது, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

6

தேறிவிட்டேன். பிரமாதமான புள்ளியில்லை, நடுத்தரம். பொதுமைப்படுத்த முடியாது என்பதை விரிவுரையாளர் கடைசிக் குறிப்பிலும் எழுதித்தான் விட்டார். எழுதட்டும். அடுத்த தவணை வகுப்பில் அந்த அறிக்கையை வாசிக்கக் கொடுக்கலாமா என்று அதே ஆள் அனுமதி கேட்டிருந்தார். என் பெயரோடு என்றால் கொடுங்கள், பெயர் இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று பதில் போட்டேன். சரி என்று ஒரு வரி வந்தது.

நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். கண்டியில் அது வெள்ளிக்கிழமை நடுப்பகல் என்பது எனக்கு நினைவில்லை. நானாவின் தொலைபேசியைக் குணே முதலாளிதான் எடுத்தார். நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். சிங்களத்தில்தான் பேசினோம்; தங்கையை அவர்கள் நங்கி என்பார்கள்.

"யாரு, நங்கியா? நானா வர இன்னும் நேரம் இருக்கு. கடையில சனம்."

"முதலாளி, நான் பட்டம் எடுத்துட்டேன். நம்மட ஏற்பாட்டப் பத்தித்தான் எழுதினேன். நானா செஞ்சது எண்டு இல்ல, நான் செஞ்சது எண்டு எழுதினேன்."

"வேற யாரு செஞ்சது?" என்றார். குரலில் ஆச்சரியம் இருந்தது. "நீதானே வந்து என் கடையில நின்ன? வாப்பா படுக்கையில, நானா வெளிநாட்டில. பயத்தோடதான் வந்த, ஆனா வந்த. சரி, இந்தப் பிள்ளையோட வியாபாரம் பண்ணலாம்னு அன்னைக்கே நினைச்சேன். பொறு, ஒருத்தர் பை கேக்கிறார்."

தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பையைப் பெரிதாகப் புகழ்ந்து பேரம் பேசுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நான் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் போட்டிக்காரருக்கு அது யாருடைய கடை என்று முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. தெரியாதது போல இருந்தது எங்கள் ஆட்கள்தான், அவர்களோடு சேர்ந்து நானும்தான். மடவளையில் இதை வாசிக்கிறவர்கள், "எனத்துக்கு இப்ப இதெல்லாம் எழுதுற, நானாட மரியாத எனத்தாகும்" என்று கேட்பீர்கள். நானா வாசித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கடையை அந்த வருடங்களில் நடத்தியவள் நான், பரீனா. உங்கள் வீட்டிலும் 'சும்மா பாத்துக்கொள்கிற' ஒருத்தி இருந்தால், இதை அவளுக்கு வாசிக்கக் கொடுங்கள்.